நூறு பேரைத் தேடும் சட்டம்

புதுச்சேரியின் பாகூருக்கும் வில்லியனூருக்கும் பங்குச் சந்தை இன்று தூரத்துச் செய்தியாக இல்லை. ஆதாரும் பான் அட்டையும் வங்கிக் கணக்கும் இருந்தால் கைபேசியிலேயே டீமேட் கணக்கு தொடங்கிவிடலாம்; நெல் விற்ற பணமும் தொழிற்பேட்டைச் சம்பளத்தில் மிஞ்சியதும் அந்த வழியே சந்தைக்குப் போய்ச் சேரலாம். பணத்தைப் போடும் வழி இவ்வளவு எளிதாகிவிட்ட காலத்தில், கம்பெனி பொய்க்கணக்குக் காட்டி ஏமாற்றினால் இழப்பீடு கேட்கும் வழி எப்படி இருக்கிறது என்பது கிராமத்து முதலீட்டாளருக்கும் உரிய கேள்வி. சட்டம் அவருக்கு உரிமையைத் தந்திருக்கிறது. ஆனால் ஆள் திரட்டுவது, செலவு செய்வது, நிரூபிப்பது ஆகிய சுமைகளை எல்லாம் அவர் தலையிலேயே ஏற்றியிருக்கிறது. இதை வேறு விதமாகவும் அமைக்க முடியும் என்பதற்கு வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த அரியூரோடு தொடர்புடைய ஒரு வழக்கே சான்றாக நிற்கிறது.

முதலில் சட்டத்தின் நல்ல பக்கத்தைப் பார்க்க வேண்டும். 2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு, பல ஆண்டுகளாகக் கணக்கைப் பெருக்கிக் காட்டியதாகக் கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். நியூயார்க் சந்தையில் அதன் பங்குகளை வாங்கியவர்கள் அமெரிக்க நீதிமன்றத்தில் கூட்டு வழக்குத் தொடுத்தார்கள்; சத்யம் 12.5 கோடி டாலரும், தணிக்கை செய்த நிறுவனத் தரப்பு 2.55 கோடி டாலரும் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டன. இந்தியாவிலோ ஒரு முதலீட்டாளர் சங்கம் தேசிய நுகர்வோர் ஆணையத்தையும் உச்ச நீதிமன்றத்தையும் நாடியும் மனு ஏற்கப்படவில்லை. ஒரே பொய், ஒரே கம்பெனி. ஆனால் பங்கை எந்த ஊரில் வாங்கினோம் என்பதைப் பொறுத்து நீதி மாறியது. அந்த அநீதிக்குப் பிறகு, 2013 கம்பெனிகள் சட்டத்தில் 245ஆம் பிரிவு இடம்பெற்றது. கம்பெனி மீது மட்டுமன்றி இயக்குநர்கள், தணிக்கையாளர்கள், ஆலோசகர்கள் மீதும் பங்குதாரர்கள் கூட்டாக இழப்பீடு கோரலாம் என்று அது சொல்கிறது. பங்கு வெளியீட்டு ஆவணத்தில் பொய் இருந்தால், பாதிக்கப்பட்ட ஒருவரே தனியாகக்கூட வழக்குத் தொடர 37ஆம் பிரிவு இடம் தருகிறது. எழுத்தளவில் இவை வலுவான உரிமைகள்.

குறை, நடைமுறையில் தொடங்குகிறது. 2013இல் இயற்றிய 245ஆம் பிரிவு 2016 ஜூனில்தான் அமலுக்கு வந்தது. எத்தனை பேர் சேர்ந்தால் மனுப்போடலாம் என்ற வரம்பு 2019 மே மாதத்தில்தான் வந்தது. மொத்தப் பங்குதாரர்களில் 5 சதவீதம் அல்லது 100 பேர், இதில் எது குறைவோ அத்தனை பேர் வேண்டும். இல்லையேல், சந்தையில் பட்டியலிட்ட கம்பெனியாக இருந்தால், பங்கு மூலதனத்தில் 2 சதவீதம் கையில் இருக்க வேண்டும். இரண்டாவது வழி பெருமுதலாளிகளுக்கு மட்டுமே ஆகும். ஆக, சிறு முதலீட்டாளருக்கு மிஞ்சுவது நூறு பேரைத் தேடும் வேலை. பங்குதாரர் பதிவேட்டைப் பார்க்கும் உரிமை அவருக்கு உண்டு; ஆனால் 2022இல் திருத்திய விதிகளின்படி அதில் முகவரியும் மின்னஞ்சலும் காட்டப்படுவதில்லை. தனிமனித விவரங்களைக் காப்பது நியாயந்தான். அதே சமயம், நூறு பேரோடு வா என்று சொல்லும் சட்டம் அந்த நூறு பேர் எங்கே என்பதை மறைத்துவிட்டால், இரண்டு நியாயங்களுக்கும் இடையில் சிக்கித் தவிப்பவர் ஏமாந்தவரே. இந்த மனுக்களை விசாரிக்கும் சென்னைக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் பாகூரிலிருந்து 150 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. இணைய வழியில் மனுத்தாக்கல் செய்யலாம் என்பது உண்மையே. ஆனால் கணக்குப் புத்தகத்தின் பொய்யைப் பிரித்துக் காட்டும் வழக்கறிஞரையும் தணிக்கையாளரையும் இணையம் இலவசமாகத் தராது. முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதியிலிருந்து வழக்குச் செலவைப் பெறச் சட்டம் வழி வைத்திருக்கிறது. ஆனால் அது தீர்ப்பாயம் அனுமதித்தால், செய்த செலவுக்கு ஈடாகக் கிடைப்பது. கையில் பணம் இல்லாதவர் முதல் படியிலேயே நின்றுவிடுகிறார்.

இதற்குத்தான் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி இருக்கிறதே என்று சொல்லலாம். செபியின் கண்காணிப்பு இல்லாவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகும் என்பதில் ஐயமில்லை. புகார் கொடுக்க 2011 முதல் ஸ்கோர்ஸ் தளமும் இருக்கிறது. ஆனால் செபி சட்டத்தின்படி விதிக்கும் அபராதம் இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகிறது. ஏமாந்தவர் வீட்டுக்கு வருவதில்லை. முறைகேடாகச் சம்பாதித்த இலாபத்தைச் செபி பிடுங்கிக்கொள்ளலாம், அதிலிருந்து முதலீட்டாளர்களுக்குப் பங்கிடவும் செய்யலாம். 2003 முதல் 2005 வரை நடந்த புதுப் பங்கு வெளியீட்டு முறைகேட்டில் அப்படிப் பங்கிட்டும் இருக்கிறது. ஆனால் அங்கே அளவுகோல் ஏமாற்றியவர் அடைந்த இலாபம். கணக்குப் பொய்யில் இயக்குநர் அடைந்த ஆதாயத்தைவிடப் பங்குதாரர்கள் அடைந்த நட்டம் பல மடங்காக இருக்கக்கூடும். அந்த இடைவெளியை நிரப்ப யாருக்கும் கடமை இல்லை.

இனி அரியூருக்கு வரலாம். வைப்பாளர்களைக் காக்கப் புதுச்சேரி 2004இல் தனிச் சட்டம் இயற்றியது. நிதி நிறுவனம் வாங்கிய டெபாசிட்டைத் திருப்பித் தராவிட்டால், புகாரின் பேரில் அரசே சொத்துகளை முடக்கும். நிறுவனத்தின் சொத்து போதாதபோது அதை நடத்தியவர்களின் சொத்துக்கும் கை நீளும். சிறப்பு நீதிமன்றம் அவற்றை விற்றுப் பங்கிட வழி செய்யும். இந்தச் சட்டம் செல்லாது என்று அரியூரின் நியூ ஹொரைசன் சர்க்கரை ஆலை வழக்காடியது. கம்பெனி விவகாரங்கள் நாடாளுமன்றத்தின் அதிகாரம் என்பது அதன் வாதம். 2012 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்காமல் சட்டத்தை உறுதிசெய்தது. தமிழ்நாட்டின் 1997ஆம் ஆண்டுச் சட்டத்தை அதற்கு முந்தைய ஆண்டே அது ஏற்றிருந்தது. இந்தச் சட்டத்தில் வைப்பாளர் நூறு பேரைத் தேட வேண்டாம். அவர் புகார் கொடுக்கிறார். தேடுவதும் முடக்குவதும் அரசின் பொறுப்பு. இதை ‘நிதி’ (Nidhi) என்ற வகைக் கம்பெனிகளோடு பொருத்திப் பார்த்தால் முரண் இன்னும் தெளிவாகும். அவை உறுப்பினர்களிடம் மட்டுமே டெபாசிட் வாங்கலாம்; 2014 விதிகளின்படி டெபாசிட் போடுபவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்காவது ஒதுக்க வேண்டும். ஆக ஒரே மனிதர், ஒரே கம்பெனியில், வைப்பாளராக அரசின் துணையோடு நிற்கிறார்; பங்குதாரராகத் தனியே நிற்கிறார்.

வைப்பாளர் சட்டத்துக்கும் குறைகள் உண்டு. சொத்தை முடக்குவது விரைவில் நடக்கும், பங்கிடுவது ஆண்டுக்கணக்கில் இழுக்கும். 2019இல் வந்த மத்தியச் சட்டம் வைப்பாளருக்கு முன்னுரிமை தந்தாலும், வங்கிகளின் பிணையுரிமைக்கும் திவால் சட்டத்துக்கும் அதை உட்படுத்துகிறது. ஆகவே அதை அப்படியே நகலெடுக்கச் சொல்லவில்லை. சுமையை யார் தாங்குவது என்பதில் மட்டும் அது காட்டும் வழியைக் கொள்ளச் சொல்கிறேன்.

இதற்கு மூன்று மறுப்புகள் எழும். பங்கு என்றால் நட்டமும் வரும், டெபாசிட்டோடு அதை ஒப்பிடலாமா என்பது முதல் மறுப்பு. மழை பொய்த்துச் சாகுபடி போவதும், போலி விதையை நல்ல விதை என்று விற்றதால் மகசூல் போவதும் ஒன்றல்ல. முதலீட்டாளர் ஏற்றுக்கொண்டது தொழிலின் ஆபத்தை, பொய்யின் ஆபத்தை அல்ல. பொய்யால் விளைந்த நட்டம் எவ்வளவோ அதற்கு மட்டும் இழப்பீடு என்பதே கோரிக்கை. கம்பெனி கொடுக்கும் இழப்பீடு மற்றப் பங்குதாரர்களின் பணந்தானே என்பது இரண்டாவது. இது கனமான மறுப்பு. இதனால்தான் பொய்யில் கையொப்பமிட்ட இயக்குநரும் தணிக்கையாளரும் முதலில் கொடுக்க வேண்டும். 245ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. வீண் வழக்குகள் பெருகும் என்பது மூன்றாவது. வீண் மனுவுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை செலவுத்தொகை சுமத்தும் அதிகாரம் தீர்ப்பாயத்துக்கு ஏற்கெனவே இருக்கிறது. மனுக்களே அரிதாக வரும் நாட்டில் வெள்ளத்துக்கு அஞ்சுவது பொருத்தமில்லை.

செய்ய வேண்டியவை பெரிய புரட்சிகள் அல்ல. கணக்குப் பொய்யைச் செபி உறுதிசெய்த பிறகு, பங்குதாரர்கள் சார்பில் தானே தீர்ப்பாயத்தில் இழப்பீடு கோரும் கடமையை அதற்குத் தர வேண்டும். அபராதத் தொகை தொகுப்பு நிதிக்குப் போகும் முன் ஏமாந்தவர்களின் நட்டத்தை ஈடுசெய்ய வேண்டும். வழக்குத் தொடர விரும்புவோரின் அழைப்பை, முகவரியை வெளியிடாமலே மற்றப் பங்குதாரர்களுக்கு அனுப்பிவைக்கும் பொறுப்பு, டீமேட் கணக்குகளைப் பராமரிக்கும் டெபாசிட்டரிகளிடம் இருக்க வேண்டும். பாதுகாப்பு நிதி, முகாந்திரம் உள்ள வழக்குகளுக்கு முன்பணம் தர வேண்டும். பாகூர் விவசாயியின் பணத்தைச் சந்தைக்குக் கொண்டுவர அரசும் தரகரும் எத்தனை தடைகளை அகற்றினார்களோ, ஏமாந்த பணத்தை அவர் திரும்பக் கேட்கும் வழியிலும் அத்தனை தடைகளை அகற்ற வேண்டும். அதுவரை அவரைச் சந்தைக்கு அழைப்பவர்கள், பாதுகாப்பு இருக்கிறது என்று அவரிடம் முழு வாக்காகச் சொல்ல முடியாது.