உலகநாச்சியின் மாளிகையும் எமது வாசிப்பும்

2014இல் பாலம் வரும்வரை மண்முனைத் துறையைப் பாதையில்தான் கடந்தோம். உலகநாச்சியின் மாளிகை எவ்விடத்தில் நின்றிருக்கும் என்று அப்போதெல்லாம் கரையில் கண்ணால் தேடியிருக்கிறேன்.

எவ். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மியம்' கலிங்கத்து உலகநாச்சியை மண்முனையில் அரசாள வைக்கிறது. கதை நடப்பது நான்காம் நூற்றாண்டு மேகவர்ணன் காலத்தில். அதே பிரதி ஒல்லாந்தர் காலத்தையும் பேசுகிறது. ஆகவே இன்றுள்ள வடிவில் அது பிற்காலத் தொகுப்பே. அதில் காணும் மாளிகை, தொகுத்தோர் மனத்தில் இருந்த மாளிகை.

மரத்தாலும் களிமண்ணாலும் கட்டிய வீடு அழிந்தாலும், தூண் நட்ட குழியில் மண்ணின் நிறம் மாறியிருக்கும், ஓட்டுத்துண்டுகள் கிடக்கும். அதை அகழ்வாய்வுதான் சொல்ல வேண்டும்.

முக்குவருக்குப் பட்டாணியர் துணைநின்ற கதையை அதே ஏட்டிலிருந்து எடுத்து, எமது பூர்வீகத்துக்குச் சான்றாக நாமும் மேடைகளில் முழங்குகிறோம். உலகநாச்சியை ஐயுறும் நாம் பட்டாணியரை மட்டும் கேள்வியின்றி ஏற்பது என்ன நியாயம்?

மான்மியம் காணி உறுதியல்ல. வாவிக்கரை மக்கள் தம் உறவுகளையும் உரிமைகளையும் எவ்வாறு நினைவில் வைத்தனர் என்று சொல்லும் இலக்கியம். அப்படி வாசித்தால் அதன் மதிப்புக் குறையாது. எமது சண்டைகள் குறையலாம்.