பழனி ஏன் தனியே போனான்?

ஆரணியிலிருந்து கடல் வெகுதொலைவு. கமண்டல நாகநதிக் கரையில், பட்டுத்தறியின் ஓசையில் வளர்ந்த எம்மனோர்க்கு மீனவர் வாழ்வு பெரும்பாலும் நூல்வழியே வந்த அறிமுகம்தான். தகழி சிவசங்கரப் பிள்ளையின் ‘செம்மீன்’ மலையாளத்தில் 1956இல் வெளிவந்தது. மறு ஆண்டு சாகித்திய அக்காதெமி பரிசு பெற்றது. சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பாக 1962இல் தமிழுக்கு வந்தது. இளமையில் அதனைக் காதற் கதையாகப் படித்து உருகினேன். அண்மையில் மீண்டும் படித்தபோது வேறொரு கேள்வி குறுக்கே வந்து நின்றது: பழனி ஏன் அன்றிரவு தனியே கடலுக்குப் போனான்?

கடலுக்குச் சென்றவனின் உயிர், கரையில் இருக்கும் மனைவியின் கற்பில் தங்கியுள்ளது என்பது அக்கதையின் மாந்தர் கொண்ட நம்பிக்கை. அவள் தவறினால் கடலம்மை சினந்து அவன் தோணியை விழுங்குவாள். மகள் கறுத்தம்மாவுக்குத் தாய் சக்கி இதனைத் தொடக்கத்திலேயே சொல்லி வைக்கிறாள். கறுத்தம்மாவின் உள்ளமோ பரீக்குட்டியிடம் இருக்கிறது. திருக்குன்னப்புழைப் பழனிக்கு வாழ்க்கைப்பட்டு அவள் ஒழுங்காகவே குடும்பம் நடத்துகிறாள். ஆயினும் பழைய பேச்சு அவளுக்கு முன்னே அவ்வூருக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

இதன்பின் நிகழ்வதைத்தான் நாம் ஊன்றிப் படிக்க வேண்டும். பழனி தோணியின் அமரத்தில் நின்று செலுத்தும் திறமைசாலி. கடலில் அவனுக்கு நிகர் இல்லை என்பதை உடன் தண்டு வலிப்போர் அனைவரும் அறிவர். அவர்களே அவனை அஞ்சத் தொடங்குகின்றனர். அவன் ஏறினால் தோணிக்கு ஆபத்து. தங்கள் வீட்டுப் பிள்ளைகள் அநாதையாவர். அமரம் அவன் கையைவிட்டுப் போகிறது. பின்னர் தோணியும் போகிறது. வேறு வழியின்றிச் சிறு வள்ளமும் தூண்டிலுமாய் அவன் தனித்தே தொழில் செய்கிறான். அப்படிச் சென்ற இரவொன்றில் பெருஞ்சுறா தூண்டிலில் சிக்குகிறது; வள்ளத்தையே இழுத்துச் செல்கிறது; சுழல் அவனை விழுங்குகிறது. பக்கத்தில் இன்னும் நான்கு பேர் இருந்திருந்தால்? தோணியைக் காக்கவென்று பிறந்த நம்பிக்கை, தோணியிலேயே சிறந்தவனைத் தனிமைக்குத் தள்ளிக் கொன்றது. அந்தச் சாவுக்கான காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தவர் தகழியேதான்.

விவிலியம் அறிந்தோர்க்கு இங்கு யோனா நினைவுக்கு வராமல் இரார். புயலுக்குக் காரணமானவன் யாரெனக் கப்பலோட்டிகள் சீட்டுப் போட, சீட்டு யோனாவின் பேருக்கு விழுகிறது. தன்னைக் கடலில் எறியும்படி அவரே சொல்லியும், அந்தப் பிற இனத்தார் உடனே எறிந்துவிடவில்லை. கரைசேர முயன்று வலிந்து தண்டு வலிக்கிறார்கள். முடியாத நிலையிலேதான் கைவிடுகிறார்கள். பழனிக்காக அப்படித் தண்டு வலித்தவர் ஒருவரும் இல்லை.

இவ்வாறு சொல்வதால் மீனவரை அறிவிலிகள் என்று இகழ்வதாகக் கொள்ளலாகாது. டிரோபிரியாண்டுத் தீவுகளில் மானுடவியலாளர் மலினோவ்ஸ்கி கண்டதை 1925இல் எழுதினார்: அமைதியான காயலில் மீன் பிடிக்கும்போது அம்மக்களிடம் மந்திரச் சடங்கு ஏதுமில்லை; ஆபத்தும் ஐயமும் மிகுந்த திறந்த கடலுக்குச் செல்கையிலோ விரிவான சடங்குகள் உண்டு. இது எங்கள் தறிக்கும் பொருந்திவரக் காண்கிறேன். பாவில் ஓர் இழை அறுந்தால் கண்ணுக்குத் தெரிகிறது; தேடிப் பிடித்து முடிந்துவிடுகிறோம். தார் சுற்றும் மனைவியின் ஒழுக்கத்தை எவரும் ஆராய்வதில்லை. கடலில் அறுந்த இழை எங்கே எனத் தெரியாது. தெரியாத இடத்தில் பழியை இறக்கி வைக்க ஓர் ஆள் வேண்டும். தோணியில் ஏறாதவள், மறுமொழி கூற இயலாதவள், மிக எளிதாக அகப்படுகிறாள்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வீசியபோது, முன்னரே ஆழ்கடலுக்குச் சென்றிருந்த குமரி மாவட்ட மீனவர் பலருக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற கத்தோலிக்க ஊர்களில் எத்தனை வீடுகள் ஆணற்றுப் போயின! ‘செம்மீன்’ கதையின் நியதியை அந்தக் கைம்பெண்களின் முன்னே வைத்துப் பாருங்கள். நா எழுமா?

எனக்குத் தகழியிடம் உள்ள மனத்தாங்கல் இதுவே. நம்பிக்கை எவ்வாறு கொல்கிறது என்பதைப் படிப்படியாகக் காட்டிய கலைஞர், முடிவில் அந்நம்பிக்கையின் பக்கமே போய் அமர்கிறார். கறுத்தம்மா பரீக்குட்டியைத் தழுவும் அதே இரவில்தான் சுறா பழனியை இழுக்க வேண்டுமா? கடலம்மை தீர்ப்பளித்தாள் என்று வாசகன் நம்புதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? 1965இல் ராமு காரியாட் எடுத்த திரைப்படம் குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கம் பெற்று, இம்முடிவை நாடெங்கும் கொண்டு சென்றது. கடலோரம் அறியாத எங்களைப் போன்றோர், மீனவர் என்றாலே இந்த நம்பிக்கைதான் என்று எண்ணிப் பழகிவிட்டோம்.

உவரியில் பிறந்த ஜோ டி குருஸ் 2004இல் தந்த ‘ஆழி சூழ் உலகு’ இவ்வகையில் பெரிய ஆறுதல். அங்கும் கடல் கொல்கிறது. ஆனால் எவளுடைய ஒழுக்கத்தையும் விசாரித்துக் கொல்வதில்லை. நடுக்கடலில் தவிப்போருள் மூத்தவர்கள் இளையவன் பிழைக்கட்டும் என்று தம்மை விட்டுக்கொடுக்கின்றனர். தோணித் தோழமை என்பதன் பொருள் அங்கே விளங்குகிறது. மொழிநடையில் அந்நூல் ‘செம்மீன்’ அளவுக்குச் செறிவுடையதன்று. வட்டார வழக்கு எம்மைப் பல இடங்களில் திணறவும் வைத்தது. ஆயினும் கடலைப் பற்றி அது பொய் சொல்லவில்லை.

‘செம்மீன்’ இறுதியில் கரையில் ஒதுங்குவன தழுவிய நிலையில் இரு உடல்களும், தூண்டில் விழுங்கிய ஒரு சுறாவும். கறுத்தம்மாவின் பெண்குழந்தை தங்கை பஞ்சமியின் கையில் அழுதுகொண்டிருக்கிறது. அந்தக் குழந்தையும் வளர்ந்து ஒரு நாள் கரையில் நின்று ஒருவன் தோணிக்காகக் காத்திருப்பாள். சக்கி தன் மகளுக்குச் சொன்ன கதையைப் பஞ்சமி அவளுக்கும் சொல்வாளா?