மூலச்சொல்லும் மணவாழ்வும்

ஆதியாகமம் மூன்றாம் அதிகாரத்தில் கடவுள் ஏவாளிடம் பேசும் வசனம் ஒன்று உண்டு. பிள்ளைப்பேற்றில் வேதனை வரும், கணவனை நோக்கி அவளுக்கு ஒரு நாட்டம் இருக்கும், அவன் அவளை ஆளுவான் என்பது அதன் சாரம். அந்த நாட்டத்தைக் குறிக்க எபிரெய மூலத்தில் உள்ள சொல் தெஷுகா. 2016இல் ஈ.எஸ்.வி. என்ற ஆங்கில வேதாகமத்தின் பதிப்பாளர்கள் இந்த இடத்தை மாற்றி, மனைவியின் நாட்டம் கணவனுக்கு எதிரானதாக இருக்கும் என்று பொருள்படும்படி அச்சிட்டார்கள். 2025இல் அந்தத் திருத்தத்தைக் கைவிட்டுப் பழைய வாசகத்துக்கே திரும்பினார்கள். இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளில் எபிரெய மூலத்தில் ஓரெழுத்தும் மாறவில்லை. ஆனால் அந்த ஒன்பது ஆண்டுகளும் அந்தப் பதிப்பை விரித்துப் படித்த மனைவி, தன் இயல்பே கணவனை எதிர்ப்பது என்று வேதமே சொல்வதாகப் படித்தாள். எபிரெயச் சொற்களைத் தனித்தனியே எடுத்து ஆராய்ந்து மணவாழ்வுக்கு நெறி வகுக்கும் பழக்கத்தை நாம் எடைபோட வேண்டியது இதனால்தான்.

தெஷுகா எபிரெய வேதம் முழுவதிலும் மூன்றே இடங்களில் வருகிறது. ஏவாளிடம் சொல்லப்பட்டது முதலாவது. அடுத்த அதிகாரத்தில், வாசலில் படுத்திருக்கும் பாவத்தின் தெஷுகா காயீனை நோக்கியிருக்கிறது, அவன் அதை ஆளவேண்டும் என்று வருகிறது. மூன்றாவது உன்னதப்பாட்டின் ஏழாம் அதிகாரம். அங்கே ஒரு பெண், தன் காதலனின் தெஷுகா தன்மேல் இருப்பதாக மகிழ்ச்சியோடு சொல்கிறாள். 1975இல் சூசன் ஃபோ என்ற அமெரிக்க ஆய்வாளர் இரண்டாவது இடத்தை வைத்து முதலாவதை விளக்கினார்: பாவம் காயீனை அடக்கியாள விரும்பியது போல் மனைவியும் கணவனை அடக்கியாள விரும்புவாள். அரபு மொழியில் உந்துவது, ஓட்டிச் செல்வது என்ற பொருளுள்ள ஒரு வேர்ச்சொல்லையும் துணைக்கு அழைத்தார். 2016இன் திருத்தத்துக்குப் பின்னால் நிற்பது இந்த வாசிப்புதான்.

ஃபோவின் வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. இரு வசனங்களும் அடுத்தடுத்த அதிகாரங்களில், ஏறத்தாழ ஒரே வாக்கிய அமைப்பில் இருக்கின்றன. அந்த ஒற்றுமை தற்செயலாக இருக்க வழியில்லை. ஆனால் வாக்கியம் ஒன்றாக இருப்பதால் பாத்திரங்களும் ஒன்றாகிவிடுமா? காயீனுக்கு அது கட்டளை, பாவத்தை ஆளச் சொல்கிறது. ஏவாளுக்குச் சொல்லப்பட்டதோ முள், வியர்வை, மண்ணுக்குத் திரும்புதல் ஆகியவற்றோடு வரிசையாக வரும் விளைவு. முள்ளைப் பிடுங்குவது கடவுளின் விருப்பத்துக்கு எதிரானது என்று எந்த உழவனும் நினைப்பதில்லை. அப்படியிருக்க, கணவனின் ஆட்சியை மட்டும் காக்கவேண்டிய ஒழுங்காக எடுத்துக்கொள்வதற்கு அந்தச் சொல்லில் ஆதாரம் இல்லை. பழைய மொழிபெயர்ப்பாளர்களும் இங்கே உறுதியாக நின்றதில்லை. கிறிஸ்துவுக்கு முற்பட்ட கிரேக்க மொழிபெயர்ப்பு மூன்று இடங்களிலும் திரும்புதல் என்ற கருத்தைத் தருகிறது. லத்தீனில் பெயர்த்த ஜெரோம் மூன்று இடங்களுக்கு மூன்று விதமாக எழுதினார். ஏவாளின் வசனத்தில் விருப்பத்தையே விட்டுவிட்டு, கணவனின் அதிகாரத்துக்குக் கீழ் இருப்பாய் என்றார். கும்ரான் குகைச் சுருள்களில் இதே சொல் மனிதனுக்கும் புழுதிக்கும் இடையிலான உறவைச் சொல்ல வருகிறது. மனிதன் புழுதியை மோகிப்பதும் இல்லை, அதை அடக்கியாள முயல்வதும் இல்லை.

இந்தச் சொல்லின் வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் பெயர் கேத்தரின் புஷ்நெல். சீனாவில் மருத்துவ மிஷனரியாக இருந்த அவர், 1890களின் தொடக்கத்தில் இந்தியாவுக்கு வந்து, பிரிட்டிஷ் ராணுவக் கன்டோன்மென்டுகளில் சிப்பாய்களுக்கென்று அதிகாரிகளின் மேற்பார்வையிலேயே நடந்த விபசாரத்தை விசாரித்து அம்பலப்படுத்தினார். கிறிஸ்தவர்கள் என்று சொல்லிக்கொண்ட ஆண்களால் பெண்களை இப்படி நடத்த எப்படி முடிந்தது என்ற கேள்விதான் அவரை எபிரெயத்துக்குக் கொண்டுபோனது. பழைய மொழிபெயர்ப்புகளை வரிசைப்படுத்திப் பார்த்து, தெஷுகாவைக் காமம் என்று படித்தது பிற்காலத்தவரே என்று அவர் காட்டினார். உழைப்பும் துணிவும் நிறைந்த வேலை அது. ஆனால் அதோடு அவர் நிற்கவில்லை. ஏவாள் கடவுளிடமிருந்து விலகிக் கணவனிடம் திரும்பினாள் என்று ஒரு முழுக் கதையையே அந்தத் திரும்புதலின்மேல் கட்டினார். பிறர் ஏற்றிய பொருளை அவர் அகற்றியபோது சான்று அவர் பக்கம் இருந்தது. புதிய பொருளை ஏற்றியபோது அவரும் சான்றைத் தாண்டிப் போனார்.

சொல்லாய்வின் வலிமையும் பலவீனமும் பிரியும் இடமே இது. ஒரு வசனம் இதைச் சொல்லவில்லை என்று காட்ட அது சிறந்த கருவி. ஒரு சொல்லுக்குள் மணவாழ்வின் இலக்கணமே புதைந்திருக்கிறது என்று காட்டப் புறப்படும்போது அது தவறிவிடுகிறது. 1961இல் ஜேம்ஸ் பார், வேதாகமச் சொற்பொருளைப் பற்றி எழுதிய நூலில் இந்தத் தவறின் வேரைக் காட்டினார். ஒரு சொல் பல இடங்களில் பெற்ற பொருள்களையெல்லாம் திரட்டி, அந்த மூட்டையை ஒரே இடத்தில் இறக்கக் கூடாது. சமய உண்மையைத் தாங்குவது சொல் அல்ல, வாக்கியம் என்பது அவர் வாதம். நூல் வந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும், 1890இல் வெளியான ஸ்ட்ராங்கின் சொல்லடைவு எண்ணைச் சொல்லி, மூலபாஷையில் இதன் ஆழமான பொருள் என்று தொடங்கும் பிரசங்கங்கள் தமிழிலும் ஓயவில்லை.

அப்படி அதிகம் கேட்கும் சொல் தாவக். ஆணொருவன் தாய்தகப்பனை விட்டுத் தன் மனைவியோடு ஒட்டிக்கொள்வான் என்ற ஆதியாகம வசனத்தின் வினைச்சொல் அது. பசைபோட்டு ஒட்டுவது, பிரிக்கவே முடியாதது, ஆகவே உடன்படிக்கை என்று விளக்குவார்கள். நாகமானின் குஷ்டம் கேயாசியை ஒட்டிக்கொள்வதும் இதே வினைதான். சாலொமோன் அந்நியப் பெண்கள்மேல் வைத்த பற்றுக்கும், நகோமியை விடாத ரூத்தின் உறுதிக்கும் இதே சொல்தான் வருகிறது. இவற்றைவிட நெஞ்சை உறுத்துவது ஆதியாகமம் முப்பத்துநான்கு. சீகேம் தீனாளைப் பிடித்து, அவளோடு படுத்து, அவளைச் சிறுமைப்படுத்துகிறான். அதற்கு அடுத்த வசனத்திலேயே அவனுடைய ஆத்துமா அவளோடு தாவக் ஆகிறது. அவளை நேசித்தான் என்றும் வருகிறது. தாவீதின் மகன் அம்னோன் தன் சகோதரி தாமார்மேல் கொண்டதையும் சாமுவேலின் நூல் நேசம் என்றே சொல்கிறது. அந்த நேசம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைக் கதை மறைக்கவில்லை. மணத்தின் புனிதம் ஒரு வினைச்சொல்லுக்குள் இருந்தால் சீகேமும் அதற்குப் பங்காளியாவான். உண்மையில், எபிரெய ஆசிரியர்கள் வேட்கைக்கு நல்லது, கெட்டது என்று இரு சொற்பட்டியல் வைத்துக்கொள்ளவில்லை. தீர்ப்பைக் கதையிடமே விட்டார்கள்.

ஆகவே சொற்களை விட்டுவிடுவோம் என்று நான் சொல்லவில்லை. ஒரு சொல் எங்கே வருகிறது, எங்கே வராமல் போகிறது என்று பொறுமையாகக் கவனிக்கும் ஆய்வு, மொழிபெயர்ப்பில் தெரியாத பலவற்றைத் தெரியவைக்கிறது. எபிரெயக் கதைப்பகுதிகளில் ஒரு பெண் ஓர் ஆணை நேசித்தாள் என்று நேரடியாகச் சொல்லப்படுவது சவுலின் மகள் மீகாளைப் பற்றி மட்டுமே. தாவீது அவளை நேசித்தான் என்று எங்கும் இல்லை. இந்த ஏற்றத்தாழ்வைக் கண்டுகொண்டவருக்கு, பின்னால் அவள் தாவீதை இகழும் காட்சி அகம்பாவக்காரியின் கதையாகத் தெரியாது. இன்னொன்று, ஷாகல் என்ற வினை. உபாகமம் இருபத்தெட்டில் சாபமாகவும், ஏசாயா, சகரியா நூல்களில் பிடிபட்ட நகரத்தின் கொடுமையாகவும், எரேமியாவின் வசையிலும் அது எழுதப்பட்டிருக்கிறது. நான்கு இடங்களிலும் வாய்விட்டுப் படிக்கும்போது படுத்தல் என்ற மென்மையான சொல்லால் மாற்றிப் படிக்கவேண்டும் என்பது யூத மரபின் விதி. எழுதியவர்கள் போரில் பெண்ணுக்கு நேர்வதை முரட்டுச் சொல்லால் எழுதியிருக்கிறார்கள், படித்தவர்கள் கூசியிருக்கிறார்கள். அந்தக் கூச்சத்தைத் தாண்டி மூலத்தின் முரட்டுத்தனத்தைத் திருப்பித் தந்தது சொல்லாய்வுதான்.

தமிழருக்கு நேரடியாக வேண்டிய ஒரு சான்றும் இதில் உண்டு. எருசலேமின் எபிரெயப் பல்கலைக்கழக மொழியியலாளர் ஹாயிம் ராபின் 1973இல், உன்னதப்பாட்டைச் சங்க அகப்பாடல்களோடு ஒப்பிட்டுக் கட்டுரை எழுதினார். பெண்ணே பெரும்பாலும் பேசுவது, அவள் ஏக்கம் வெளிப்படுவது, நிலமும் பருவமும் உணர்வோடு பின்னியிருப்பது ஆகிய ஒற்றுமைகளைக் காட்டினார். இது நம்மைப் பெருமைப்படுத்தும் ஒப்பீடு. ஆயினும் பண்டைய வணிகத்தின் வழியே தமிழகத்திலிருந்து அந்த மரபு போயிருக்கலாம் என்று அவர் சொல்லும்போது, தோகையிலிருந்து பிறந்ததாகக் கருதப்படும் மயிலின் எபிரெயப் பெயர் போன்ற கடன்சொற்கள் தாங்கக்கூடியதற்கு மேல் சுமை ஏறிவிடுகிறது. மயிலிறகு கப்பலேறினால் பாடலும் ஏறியிருக்க வேண்டியதில்லை. பேசுவது யார், யாரிடம், எந்த நிலையில் என்று கேட்கும் அகத்திணையின் வாசிப்பு முறை உன்னதப்பாட்டுக்குப் பொருந்துகிறது என்பதே ராபின் தந்த நிலைத்த பயன்.

இந்த நிலைப்பாட்டுக்கு இரண்டு மறுப்புகள் வரும். ஒவ்வொரு சொல்லும் கடவுளின் ஏவுதலால் வந்தது என்று நம்புகிறவர், சொல்லைவிட வாக்கியத்துக்கு மதிப்புக் கொடுப்பது விசுவாசக் குறைவு என்பார். சொற்களைத் தந்தவர் அவற்றை வாக்கியமாகவும் கதையாகவும் சட்டமாகவுமே தந்திருக்கிறார். அகராதி வரிசையில் அடுக்கியது பின்னால் வந்த மனிதர்கள். இடத்தையும் கதையையும் பார்ப்பது என்றால் வாசகர் தம் விருப்பத்தை நுழைக்க வழியாகாதா என்பது அடுத்த மறுப்பு. அந்த ஆபத்து உண்டு. ஆனால் கதையில் இருப்பதையும் இல்லாததையும் எபிரெயம் தெரியாத வாசகரும் பக்கத்தைத் திருப்பிச் சரிபார்க்கலாம். மூலபாஷையின் மறைபொருள் என்று மேடையிலிருந்து சொல்லப்படுவதைச் சரிபார்க்க அவரால் ஆகாது. சபையில் பெரும்பாலும் யார் பேசுகிறார், யார் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துப் பார்த்தால், இந்த வேறுபாடு சிறியதல்ல.

யூத ரபிகளும் ஒற்றைச் சொல்லின்மேல் சட்டம் கட்டினார்களே என்று கேட்கலாம். அது நியாயமான கேள்வி. யாத்திராகமம் இருபத்தொன்றில், தகப்பனால் அடிமையாக விற்கப்பட்ட பெண்ணை மணந்தவன், வேறொருத்தியை எடுத்தாலும் முதலாமவளின் உணவையும் உடையையும் ஓனாவையும் குறைக்கக் கூடாது என்று இருக்கிறது. ஓனா எபிரெய வேதத்தில் மனைவிக்கு உரியதைக் குறிக்கும் பொருளில் இந்த ஓரிடத்தில்தான் வருகிறது. கிரேக்க மொழிபெயர்ப்பும் ரபிகளும் அதைத் தாம்பத்திய உறவு என்று கொண்டார்கள். ரபிகளின் சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் கேத்துபோத் பகுதி அதைக் கணவனின் கடமையாக்கி, தொழில்வாரியாகக் கால அளவும் வகுத்தது: உழைப்பாளிக்கு வாரத்துக்கு இருமுறை, கழுதை ஓட்டிக்கு ஒருமுறை, ஒட்டகம் ஓட்டிக்கு முப்பது நாளுக்கு ஒருமுறை, மாலுமிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. வேட்கையை மனைவியின் உரிமையாக எழுதிவைத்த சட்டம் பழைய உலகில் அரிது. 1969இல் ஷாலோம் பால், மெசபொத்தேமியச் சட்ட ஆவணங்களில் உணவு, உடை, எண்ணெய் என்ற மூன்றும் சேர்ந்து வருவதைக் காட்டி, ஓனா என்பது எண்ணெயாக இருக்கலாம் என்றார். அவர் சொல்வது சரியென்றால் மிஷ்னாவின் சட்டம் விழுந்துவிடுமா? விழாது. அது அகராதியின் பலத்தில் நிற்கவில்லை. பெயர்சொல்லி வாதாடி, மாற்றுக் கருத்தையும் பதிந்துவைத்த ஒரு சமூகம் தன் பொறுப்பில் செய்த முடிவு அது.

அந்தப் பகுதியின் முடிவுக்கு ஓனாவின் பொருள் தெரிந்திருக்கவும் வேண்டியதில்லை. சட்டம் சொல்லும் மூன்று கடமைகள் எவை என்பதில் இடைக்கால யூத உரையாசிரியர் ராஷி வேறு கணக்குச் சொன்னார். எந்தக் கணக்கை எடுத்தாலும், அந்த மூன்றும் அவளுக்குக் கிடைக்காவிட்டால் அவள் பணம் ஏதும் கட்டாமல் விடுதலையாகிப் போகலாம் என்றே வாக்கியம் முடிகிறது. விலைக்கு வாங்கப்பட்ட ஓர் அடிமைப்பெண்ணுக்கு, கடமை தவறிய ஆணின் வீட்டைவிட்டு வெளியேற அந்தச் சட்டம் வழி வைத்திருக்கிறது. மூலபாஷை ஆராய்ச்சியின் பெயரால் மனைவியைப் பொறுத்துப்போகச் சொல்கிறவர்கள் இந்த வாக்கியத்தைக் கடைசிவரை படித்திருக்க வேண்டும்.