நீர்மருது நிற்கும் கரை

தருமபுரி மாவட்டத்தில் மழைக்காடு கிடையாது. ஆண்டின் பெரும்பகுதி வெயிலில் காய்ந்து நிற்கும் மலைகளே இங்குள்ளவை. ஆனால் ஒகேனக்கல்லைச் சுற்றிய காட்டில் மேட்டிலிருந்து காவிரியை நோக்கி நடந்து இறங்குகிறவருக்கு, காய்ந்த காடும் பச்சைக் காடும் சில எட்டுகளில் கைமாறும் ஓர் எல்லை தென்படும். இந்த நடையின் சுவையெல்லாம் அந்த எல்லையில்தான் இருக்கிறது. அருவியை மட்டும் பார்த்துவிட்டு, மீன் வறுவல் சாப்பிட்டுத் திரும்புகிறவர்கள் அதை அறியாமலே போய்விடுகிறார்கள்.

அந்த எல்லையை ரசிக்க வேண்டுமானால் முதலில் காய்ந்த பக்கத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். மேட்டுக் காட்டில் உசில், வெள்வேல், வெக்காலி, ஆச்சா. தலைக்குத் தேய்க்கும் அரப்பு, உசிலின் இலையைக் காயவைத்து இடித்த பொடிதான். வெக்காலியின் வெளிறிய பட்டை வெயிலில் தனியாக எடுத்துக் காட்டும். எனக்கு இவற்றில் பிடித்தது ஆச்சா. அதன் ஒவ்வோர் இலையும் இரண்டே சிற்றிலைகள். காம்பு முனையில் அடியோடு அடி ஒட்டி, விரிந்து நிற்பவை. நுனிக்கிளைகள் தொங்குவதால் சிறு காற்றுக்கும் அத்தனை சோடிகளும் அசையும். இரும்பைப் போல் கடினமான வைரம் பாய்ந்த மரம் இது. அதற்கு இத்தனை மென்மையான இலையா என்று வியப்பாக இருக்கும்.

சருகு நொறுங்கும் ஓசையோடு இறங்கிக்கொண்டே வருகிறோம். திடீரென அந்த ஓசை நின்றுவிடுகிறது. காலடியில் ஈர மணல், முகத்தில் குளிர்ந்த காற்று, தலைக்கு மேலே நிழல். ஆற்றங்கரைக் காடு வந்துவிட்டது. சில இடங்களில் ஒரு கல்லெறி தூரம்கூட இதற்கு அகலம் இல்லை. மழை பொய்த்தாலும் வேர் ஆற்று நீரைத் தொட்டுக்கொண்டிருப்பதால் இந்தப் பச்சை நிலைக்கிறது. நாவல், புங்கம், அத்தி எல்லாம் உண்டு என்றாலும் இங்கே தலைவன் நீர்மருதுதான். அடிமரம் பருத்து, வெளிர்சாம்பல் பட்டை வழுவழுப்பாக, அங்கங்கே தகடு தகடாக உரிந்து கிடக்கும். ஓர் இலையைத் திருப்பிப் பாருங்கள்: காம்பும் இலையும் சேருமிடத்தில் இரண்டு சிறு சுரப்பிகள், புள்ளி வைத்ததுபோல். காய்க்கு ஐந்து கெட்டியான இறக்கைகள். ஆற்றில் விழுந்த காய் மிதந்து போய் எங்கோ ஒரு மணல்திட்டில் முளைக்கும். தன் கரையைத் தானே விதைத்துக்கொள்ளும் மரம்!

அதன் உச்சிக் கிளைகளில் சுள்ளியும் இலையுமாக உருண்ட கூடு தெரிந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். அது சாம்பல் நிற மலை அணிலின் கூடு. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் விலங்கு. பக்கத்து மரத்தின் கிளை தொட்டுக்கொண்டிருக்கும் இடமாகப் பார்த்தே அது கூடு கட்டும். ஆபத்து வந்தால் தரையிறங்காமல் மரத்துக்கு மரம் தாவிப் போய்விட வேண்டுமே. நடுவில் ஒரு மரம் சாய்ந்தால் அதன் பாதை அறுந்தது என்று பொருள். நரை கலந்த உடல், அந்த உடலளவுக்கு நீண்ட வால். அசையாமல் படுத்துவிட்டால் மருதம் பட்டையிலிருந்து பிரித்தறிய முடியாது.

கரைப்பாறையில் மீன்செதிலும் நண்டோட்டுத் துணுக்கும் கலந்த எச்சம் காய்ந்து கிடக்கும். நீர்நாய்க் கூட்டம் வந்துபோன தடம் அது. சங்கப் புலவர்கள் பாடிய அதே நீர்நாய். பாறைகளும் பார்த்து நிற்க வேண்டியவை: வெள்ளத்தில் சுழலும் கூழாங்கற்கள் குடைந்த குழிகள் ஆட்டுக்கல்லின் குழியைப் போல வட்டம் பிசகாமல் இருக்கின்றன. ஒகேனக்கல்லில் காணப்படும் கார்பனடைட் என்ற பாறைவகை, சுண்ணச்சத்து மிகுந்த எரிகுழம்பு உறைந்து உண்டானது. ஏறக்குறைய 240 கோடி ஆண்டுப் பழமையானது என நிலவியலாளர்கள் கணித்திருக்கிறார்கள்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டர் காட்டைத் தமிழ்நாடு அரசு 2022 நவம்பரில் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயமாக அறிவித்தது. முதலை, நீர்நாய், நாற்கொம்பு மான், யானை எல்லாம் வாழும் இடம். அதனால் வனத்துறை அனுமதியும் உடன் வரும் வேட்டைத் தடுப்புக் காவலரும் இல்லாமல் காட்டுக்குள் கால் வைக்காதீர்கள்; அவர் நில் என்றால் நின்றுவிடுங்கள். மாசி, பங்குனியில் காட்டுத்தீ அச்சத்தால் நடைபயணங்களுக்குத் தடை வந்துவிடும். தை மாதத்து வார இறுதி ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். மேட்டில் சருகு உதிரத் தொடங்கியிருக்கும், கரை பச்சையாகவே இருக்கும். அந்த எல்லை அப்போதுதான் துலங்கத் தெரியும்.