சுவையும் வர்க்கமும்

அண்மைக் காலமாக எமது பத்திரிகைகளிலும் மேடைகளிலும் 'பாரம்பரிய உணவுக்குத் திரும்புவோம்' என்னும் குரல் ஓங்கி ஒலிக்கின்றது. பாணையும் கோதுமை மாவையும் கைவிட்டுக் குரக்கனையும் ஒடியலையும் நாடினால் உடலும் பண்பாடும் ஒருங்கே உய்யும் என்கின்றனர். இக்குரலின் நன்னோக்கை நாம் ஐயுறவில்லை. ஆயினும் அது யாருடைய குரல், யாரை நோக்கி எழுப்பப்படுகின்றது என்று வினவாது அதனை ஏற்றல் தகாது. சுவை நாவிலே உணரப்படுவதாயினும், அதனை உருவாக்குவன சமுதாய உறவுகளே.

முதலிற் 'பாரம்பரியம்', 'அந்நியம்' என்ற பாகுபாட்டை நோக்குவோம். மிளகாயின்றி யாழ்ப்பாணத்துக் கறியை இன்று எவரும் எண்ணிப்பார்த்தல் இயலாது. அந்த மிளகாயும் மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்தில் தோன்றி, ஐரோப்பியர் வழியாக எம்மை வந்தடைந்தவை. பாண் என்ற சொல்லும் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றதே. எனினும் மிளகாய் எமதாயிற்று. பாண் இன்றும் அந்நியம் எனப்படுகின்றது. ஆகவே பிறப்பிடத்தைக் கொண்டு மட்டும் உணவின் மதிப்பை அளத்தல் பொருந்தாது. அதனை உண்போர் யாவர், எந்நிலையில் உண்கின்றனர் என்பனவற்றையும் ஆராய்தல் வேண்டும்.

குரக்கன் மழையை நம்பிய மேட்டுநிலப் பயிர். வயல் உடையோர் சோறுண்டனர். அஃதில்லாதார் குரக்கன் பிட்டையும் ரொட்டியையும் உண்டனர். விருந்தினர்க்குக் குரக்கனைப் படைக்க நாணிய காலம் ஒன்றிருந்தது. இன்று அதே குரக்கன் மா, நீரிழிவு நோயாளருக்கு உகந்தது என்ற விளம்பரத்துடன், அழகிய பொதிகளில் நகரத்துப் பேரங்காடிகளை அலங்கரிக்கின்றது. ஒடியற் கூழின் கதையும் இத்தகையதே. வசதியுள்ள வீட்டில் அது மீனும் நண்டும் இறாலும் நிறைந்து, உறவினர் கூடியிருந்து பிளாவிலே அருந்தும் ஒருநாள் விருப்பம். வறியவர் வீட்டில் அது பசியாற்றும் வழி. விரும்பித் தெரிவு செய்பவனுக்கு எளிமை பெருமை தருகின்றது. வேறு வழியற்றவன்மீது அதே எளிமை இழிவாகச் சுமத்தப்படுகின்றது.

இதன் மறுபக்கத்தை மலையகத்திற் காணலாம். எமது நாட்டிற் கோதுமை வணிகப் பயிராக விளைவதில்லை. எனினும் கோதுமை மா ரொட்டி நெடுங்காலமாகத் தோட்டத் தொழிலாளரின் முதன்மை உணவுகளுள் ஒன்றாக இருந்து வருகின்றது. இஃது அந்நிய மோகத்தின் விளைவா? லயத்து அறையில் வாழ்ந்து, விடிந்ததும் மலையேறும் பெண்ணுக்குத் தானியம் விளைக்க நிலமில்லை. இடிக்கவும் அவிக்கவும் நேரமில்லை. தோட்ட நிருவாகங்கள் அரிசியையும் மாவையும் பங்கீடாகக் கொடுத்து, அவற்றின் விலையைச் சம்பளத்திற் கழித்துக்கொண்டன. 1948 இற் குடியுரிமை பறிக்கப்பட்ட இம்மக்கள், 1973–74 உணவு நெருக்கடியின்போது பட்டினிச் சாவுகளையும் கண்டனர். அதே கோதுமை மா, கொழும்பு மேல்தட்டாரின் தேநீர் விருந்திற் கேக்காகும்போது நாகரிகம் எனப்படுகின்றது. தொழிலாளியின் கையில் ரொட்டியாகும்போது அறியாமை எனப்படுகின்றது.

பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூ 1979 இல் வெளியிட்ட நூலொன்றில், தம் நாட்டுத் தொழிலாளர் வயிற்றை நிரப்பும் மலிந்த உணவையும், மேல்வகுப்பார் அளவும் நுட்பமும் பொருந்திய உணவையும் நாடுவதை எடுத்துக்காட்டினார். வாழ்க்கைத் தேவையின் நெருக்கடியே காலப்போக்கில் தொழிலாளரின் சுவையாகப் படிகின்றது என்பது அவர் கருத்து. எமது சமுதாயத்தில் வர்க்கத்தோடு சாதியும் பின்னிக் கிடக்கின்றது. யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளில் ஒடுக்கப்பட்டோருக்கு வேறு பாத்திரத்தில் தேநீர் கொடுக்கப்பட்டது. 1957 இற் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்த பின்னரும், 1960களில் அம்மக்கள் போராடியே கடைகளுக்குட் செல்ல வேண்டியிருந்தது. கே. டானியலின் 'பஞ்சமர்' (1972) இப்போராட்டங்களை நாவலாக்கியது. ஒரே கேத்தலில் இறங்கிய தேநீர்தான். குடிப்பவனின் பிறப்பை நோக்கிப் பாத்திரம் மாறிற்று.

இவ்விடத்து எமது எழுத்தாளரிடம் ஒன்று கூற விரும்புகின்றோம். மண்வாசனை வேண்டுமென்று பிட்டையும் கூழையும் சம்பலையும் கதைகளில் வரிசையாக அடுக்குவோர் பலர். அம்மாவை இடித்த கை எவருடையது, ஒடியற் கிழங்கைக் கிண்டியவனுக்குக் கிடைத்த கூலி யாது, எல்லோரும் உண்ட பின்னர் அடுப்படியிற் பானையைச் சுரண்டியவள் யார் என்பன அக்கதைகளில் இடம்பெறுவதில்லை. உழைப்பை நீக்கிய உணவு வருணனை வெறும் அலங்காரமாகவே எஞ்சுகின்றது. நவநாகரிக உணவை வியப்போரும் பழைய உணவுக்காக ஏங்குவோரும் இவ்வகையில் ஒரே தவற்றையே செய்கின்றனர்: தட்டைக் காண்கின்றனர், அதன் பின்னுள்ள மனிதரைக் காண்கின்றிலர்.

மக்களோ இதனை நன்குணர்ந்தவர்கள். ஒரு கொத்துப் பங்கீட்டரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, 1953 ஆகஸ்ட் 12 ஆம் நாள் ஹர்த்தாலில் நாடே எழுந்தது. பிரதமர் பதவி விலக நேர்ந்தது. 2022 இல் பாணின் விலை ஏறியபோது அது பாரம்பரிய உணவா, அந்நிய உணவா என்று வரிசையில் நின்ற கூலித் தொழிலாளி ஆராயவில்லை. அன்றைய கூலிக்கு எத்தனை இறாத்தல் பாண் வாங்கலாம் என்பதே அவன் கணக்கு.

குரக்கனை இகழ்வதோ பாணைப் போற்றுவதோ எமது நோக்கமன்று. நல்லுணவு எல்லோர்க்கும் வேண்டும். அதற்கு உழுபவனுக்கு நிலமும், தோட்டத்துப் பெண்ணுக்குப் போதிய கூலியும் ஓய்வும், அடுக்களை வேலையைப் பகிர்ந்துகொள்ளும் குடும்பமும் வேண்டும். பாரம்பரிய உணவுக்காகக் குரல் எழுப்புவோர் இக்கோரிக்கைகளையும் சேர்த்து எழுப்புவார்களாயின், நாமும் அவர்களோடு நிற்போம். இவற்றை விடுத்து உணவை மட்டும் மாற்றச் சொல்வது, இல்லாதவனின் பசிக்கு அவனையே குற்றவாளியாக்குவதாகவே முடியும்.