இறங்காமல் போன சைக்கிள்

1

பிரத்யும்ன குமார் மகாநந்தியா என்ற ஒரிய ஓவியர் 1977 ஜனவரி 22ஆம் தேதி தில்லியிலிருந்து சைக்கிளில் கிளம்பினார். ஆப்கானிஸ்தான், ஈரான், துருக்கி வழியாக ஐரோப்பாவுக்குள் நுழைந்தார். மே மாதக் கடைசியில் ஸ்வீடன் நாட்டின் கோத்தன்பர்கைத் தொட்டார். அவர் கிளம்பியபோது இங்கே நெருக்கடி நிலை இன்னும் முடிந்திருக்கவில்லை.

அவர் தலித். தாய் ஆதிவாசி. பள்ளிக்கூடத்தில் வகுப்புக்கு வெளியே உட்காரவைக்கப்பட்ட பிள்ளை. தில்லிக் கலைக் கல்லூரியில் படித்த காலத்தில் கன்னாட் பிளேசில் உட்கார்ந்து, பத்து நிமிஷம் பத்து ரூபாய் என்று ஆட்களைப் படம் வரைந்து வயிற்றைக் கழுவியவர். 1975 டிசம்பரில் அப்படிப் படம் வரைந்துகொள்ள எதிரே உட்கார்ந்த ஸ்வீடன் நாட்டுப் பெண்தான் ஷார்லோட் ஃபான் ஷெட்வின். பிரபுத்துவக் குடும்பத்துப் பெண். இவருடைய குடும்ப வழக்கப்படி கல்யாணம் நடந்தது. பிறகு அவர் ஊர் திரும்பினார். இவர் சைக்கிள் ஏறினார்.

இந்தக் கதையை ஸ்வீடிஷ் பத்திரிகையாளர் பெர் ஜே. ஆண்டர்சன் 2013இல் புத்தகமாக எழுதினார். 2017இல் ஆங்கிலத்தில் வந்தது. உலகம் பூராவும் காதல் கதை என்று கொண்டாடினார்கள். நாம் இதை என்னவாக வாசிப்பது என்பதுதான் என் கேள்வி.

2

முதலில் தலைப்பைப் பார்ப்போம். ஸ்வீடிஷ் தலைப்பு காதலுக்காகச் சைக்கிள் மிதித்துவந்த 'இந்தியன்' என்கிறது. ஆங்கிலத் தலைப்பு 'மனிதன்' என்கிறது. சேரிப்பிள்ளை வாசலிலேயே காணாமல் போய்விட்டான். உள்ளே சாதி இல்லாமல் இல்லை. ஆண்டர்சன் அதை மறைக்கவும் இல்லை, இலேசாகவும் சொல்லவில்லை. ஆனால் சாதி அங்கே கடந்துபோன இருட்டாக இருக்கிறது. காதல் வந்ததும் விடிந்துவிடுகிறது.

இன்னொன்று ஜோசியம். இவர் பிறந்தபோது, இந்தப் பிள்ளைக்கு வாய்க்கப் போகிறவள் ஊருக்காரி இல்லை, நாட்டுக்காரியும் இல்லை, தூர தேசத்தவள் என்று சொல்லப்பட்டதாம். மகாநந்தியாவே அதைப் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அவர் நம்பிக்கை அவருக்கு. நான் கேட்பது பிரதியைப் பற்றி. தொட்டால் தீட்டு என்று தள்ளிவைத்த ஒரு சமூகம், அந்தப் பிள்ளையின் தலையெழுத்தையும் தானே படித்துச் சொல்லிவிட்டது என்றால், அவர் மிதித்த மிதிக்கு என்ன மதிப்பு? எல்லாம் முன்பே எழுதிவைத்தது என்றால் மிதித்த கால் யாருடையது? மேலைநாட்டு வாசகனுக்கு இந்தியா என்றால் ஜோசியம் வேண்டியிருக்கிறது. நமக்கு வேண்டாம்.

அந்த ஜோசியத்தையும் காதலையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், தலைப்பில் ஏறாத ஒரு விஷயம் கிடக்கிறது. ஷார்லோட் விமான டிக்கெட் எடுத்துத் தருவதாகச் சொன்னார். இவர் வேண்டாம் என்றார். சொந்தமாகத்தான் வருவேன் என்றார். இருந்ததை விற்று, 60 ரூபாய்க்குப் பழைய லேடீஸ் சைக்கிள் ஒன்றை வாங்கினார். காதலுக்காக மட்டும் என்றால் விமானமே போதும். சைக்கிள் எதற்கு? இந்தக் கேள்வியில்தான் நம்முடைய வாசிப்பு ஆரம்பிக்கிறது. அதற்குப் பேர் சுயமரியாதை.

3

தலித்தின் பயணம் என்றால் என்ன என்பதை நமக்கு முதலில் எழுதிக் காட்டியவர் அம்பேத்கர். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற அவருடைய சிறு நூல் பயண இலக்கியம்தான் என்பேன். அதில் இரண்டு வண்டிகள் வருகின்றன. 1901இல் தகப்பனைப் பார்க்க ரயிலேறிப் போன சிறுவர்களை ஏற்றிக்கொள்ள மாட்டுவண்டிக்காரன் மறுத்தான். இரட்டைக் கூலி வாங்கிக்கொண்டு, பிள்ளைகளையே வண்டி ஓட்டச் சொல்லிவிட்டுத் தான் கூடவே நடந்துவந்தான். வழியெல்லாம் தண்ணீர் கிடைக்கவில்லை. 1929இல் சாலிஸ்கான். அப்போது அவர் பாரிஸ்டர். குதிரைவண்டிக்காரர்கள் அவரை ஏற்றிப் போக மாட்டேன் என்றார்கள். மகார் மக்கள் வண்டியை மட்டும் வாங்கி, ஓட்டத் தெரியாத தங்கள் ஆளையே உட்காரவைத்தார்கள். வண்டி கவிழ்ந்து அம்பேத்கரின் கால் எலும்பு முறிந்தது.

இரண்டு இடத்திலும் மறுத்தது மாடோ குதிரையோ அல்ல. ஓட்டுகிறவன். வாகனம் என்றால் அதில் இன்னொருத்தன் கை இருக்கிறது, அந்தக் கைக்குச் சாதி இருக்கிறது. சைக்கிளில் அது இல்லை. ஓட்டுகிறவனும் போகிறவனும் ஒரே ஆள். ஏற்றமாட்டேன் என்று சொல்ல அங்கே எவனும் இல்லை. சைக்கிளை ஏழையின் வண்டி என்று சொல்லிப் பழகிவிட்டோம். தீட்டுக்காரனின் அனுமதி தேவைப்படாத வண்டி என்று சொல்லிப் பார்க்க வேண்டும்.

'தனியாக' என்பதையும் இப்படித்தான் பார்க்கிறேன். நம் ஜனங்கள் தூரம் போகாதவர்கள் அல்ல. இலங்கைத் தேயிலைக்கும் மலேயா ரப்பருக்கும் போனார்கள். நேட்டால் கரும்புக்கும் போனார்கள். ஆனால் கங்காணிக்குப் பின்னால், கடனோடு, ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்து, கூட்டம் கூட்டமாகப் போனார்கள். எந்த வழியில் போவது, எங்கே நிற்பது என்று தானே முடிவுசெய்து தனியாகப் போன தலித் பயணம் அபூர்வம். அதனால்தான் இது பெரிய விஷயம்.

4

பதினாலு வருஷத்துக்கு முன் இதே திசைகளில் எதிர்ப்பக்கமிருந்து ஒருவர் மிதித்து வந்திருக்கிறார். அயர்லாந்தின் டெர்வ்லா மர்ஃபி. 1963 ஜனவரியில் கிளம்பி ஜூலையில் தில்லி வந்தார். 1965இல் தன் பயணத்தைத் தானே புத்தகமாக எழுதினார். கூடவே துப்பாக்கி வைத்திருந்தார். சைக்கிளுக்குப் பேரும் வைத்திருந்தார். அவரை வெள்ளைக்காரி என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட முடியாது. பத்து வயசில் சைக்கிளும் நிலப்பட நூலும் பரிசாகக் கிடைத்தபோதே இந்தியாவுக்குப் போவது என்று முடிவெடுத்தவர், நோயாளித் தாயைப் பார்த்துக்கொண்டு முப்பது வயசு வரை வீட்டில் கிடந்தார். பெண்ணுக்கும் சாலை எளிதில் திறக்கவில்லை.

இருந்தாலும் வித்தியாசம் இருக்கிறது. மர்ஃபியைப் போல மேற்கிலிருந்து வந்தவர்கள் கிழக்கைப் பார்க்க வந்தார்கள். மகாநந்தியா வேடிக்கை பார்க்கப் போகவில்லை. வழியெல்லாம் முகங்களை வரைந்து கொடுத்துச் சாப்பாடும் படுக்க இடமும் வாங்கிக்கொண்டு போனார். அவருடைய பயணம் முழுக்க உழைப்பு. ஆப்கானிஸ்தானிலும் ஈரானிலும் ஜனங்கள் தன்னை அன்பாக நடத்தினார்கள் என்று நன்றியோடு சொல்கிறார். அங்கே அவரை எந்த நாடு என்று கேட்டிருப்பார்கள். எந்தத் தெரு என்று கேட்க ஆளில்லை. இந்தியாவை விட்டு வெளியே போனபிறகுதான் அவர் இந்தியர் ஆனார். இந்த முரணை அந்தப் புத்தகம் நின்று பார்த்திருக்கலாம்.

முழுத் தூரமும் சைக்கிள்தானா என்று சிலர் நோண்டுகிறார்கள். இல்லை. வியன்னாவிலிருந்து ரயிலில் போனார். அதை அவரே சொல்கிறார். பந்தயம் வைத்தவனுக்குத்தான் கிலோமீட்டர் கணக்கு. அவர் போய்ச் சேர வேண்டிய இடம் ஒன்று இருந்தது.

மர்ஃபியின் கதையை மர்ஃபி எழுதினார். மகாநந்தியாவின் கதையை இன்னொருத்தர் எழுதினார். உலகம் படித்தது அதைத்தான். நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் ஹேண்டில்பார் அவர் கையில் இருந்தது, பேனா இன்னொருத்தர் கையில். சாட்சியம் வேறு, சாட்சியத்தைப் பற்றிய கதை வேறு.

5

காதலுக்காக என்ற சொல்லுக்கு வருகிறேன். புத்தகம் ஸ்வீடனில் வெளியான அதே 2013இல், ஜூலை 4ஆம் தேதி, தர்மபுரியில் இளவரசன் தண்டவாளத்தின் பக்கம் பிணமாகக் கிடந்தார். அவரும் காதலித்துக் கல்யாணம் செய்தவர்தான். அவர் எந்த நாட்டையும் கடக்கவில்லை. ஊருக்கும் காலனிக்கும் நடுவில் இருக்கிற தூரத்தைத்தான் கடந்தார். அதற்கு முந்தைய நவம்பரில் மூன்று ஊர்களின் தலித் குடியிருப்புகள் கொளுத்தப்பட்டன. கண்டங்களைத் தாண்டினால் கதை, தெருவைத் தாண்டினால் கொலை என்ற நிலைமையில், அந்தப் புத்தகத்தின் அட்டையில் இருக்கிற 'காதல்' என்ற சொல் எனக்கு நிம்மதியாகப் படிக்க முடிகிற சொல்லாக இல்லை.

சைக்கிளும் அப்படித்தான். ஊர்த்தெரு வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போ என்பது எத்தனையோ ஊர்களில் எழுதாத சட்டமாக இருந்தது. 'எறங்கி நடடா' என்ற குரலைக் கேட்டவர்கள் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் சைக்கிள் என்ற வார்த்தை கிடையாது. 2015 திருத்தத்தில்தான், பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டவிடாமல், செருப்புப் போடவிடாமல், புதுத்துணி உடுத்தவிடாமல் தடுப்பது குற்றம் என்று எழுதினார்கள். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வருஷம் வரை தண்டனை. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறை. ஒரு குடியரசு தன் அறுபத்தேழாவது குடியரசு தினத்தில் சைக்கிளுக்குச் சட்டப் பாதுகாப்பு கொடுக்கவேண்டி வந்தது என்றால், மகாநந்தியா எதன் மேல் ஏறிப் போனார் என்பது விளங்கும்.

6

தோழர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். ஒருத்தர் தப்பித்துப் போனது விடுதலை ஆகுமா? ஆகாது. அவர் போனபிறகும் தெரு அப்படியேதான் இருந்தது. ஆனால் தப்பித்தல் என்று சொல்லித் தள்ளிவிடுவதிலும் எனக்குச் சம்மதமில்லை. கொடுத்த டிக்கெட்டை வாங்காமல் தன் காலை நம்பியவரை ஓடிப்போனவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தக் கதையை ஜோசியத்திடமிருந்தும் அட்டைப்படத்திடமிருந்தும் பிடுங்கி நம் வரிசையில் வைக்க வேண்டும். அம்பேத்கரின் கவிழ்ந்த வண்டிக்கு அடுத்த பக்கத்தில்.

அதற்கு அடுத்த பக்கங்களை ஸ்வீடன்காரர் எழுத முடியாது. உங்கள் ஊரில் எந்தத் தெருவில் இறங்கச் சொன்னார்கள், எந்த வருஷம் வரை இறங்கினார்கள், முதலில் இறங்க மறுத்தது யார், அன்றைக்கு அவருக்கு என்ன நடந்தது? அப்பாவிடம், பெரியப்பாவிடம், அத்தையிடம் கேட்டு அவர்கள் பேச்சிலேயே எழுதி அனுப்புங்கள். இரண்டு பக்கம் போதும்.