சாட்சி சொல்லும் உடல்கள்

'ஜோசப்' (2018) படத்தை நாம் ஒரு துப்பறியும் கதையாகத்தான் நினைவில் வைத்திருக்கிறோம். எம். பத்மகுமார் இயக்கிய அந்த மலையாளப் படம் 2022இல் 'விசித்திரன்' என்று தமிழுக்கும் வந்தது. அதில் குற்றவாளி யார் என்பதைவிட வேறொன்றுதான் என்னைத் தொந்தரவு செய்கிறது. ஜோசப் ஒரு மரணத்தை விசாரிக்கப் போகிறார். அங்கே அழுகிக் கிடப்பது அவர் ஒருகாலத்தில் காதலித்த பெண். அந்தக் காட்சி அவரைவிட்டுப் போவதேயில்லை. மனைவியை நெருங்க முடியாமல் மணவாழ்க்கை உடைகிறது.

நம் மசாலாப் பட போலீஸுக்குக் காயம் என்றால் தோளில் பாயும் தோட்டாதான். அடுத்த பாட்டுக்குள் ஆறிவிடும். ஜோசப்பின் காயம் கண் வழியாக வந்தது. பிணத்தைப் பார்ப்பது அந்த வேலையில் தினப்படி சமாச்சாரம். 'இதுக்கெல்லாம் கலங்கினா நீ என்னய்யா போலீஸ்?' என்று யாரும் கேட்கக்கூட வேண்டாம், அவரே தன்னைக் கேட்டுக்கொள்வார்.

சேர்ந்து குடிக்க ஜோசப்புக்கு நண்பர்கள் உண்டு. ஆனால் படத்தில் என்னை அதிகம் தொட்ட துணை பீட்டர்தான். ஜோசப்பைப் பிரிந்த ஸ்டெல்லாவை மணந்தவர் அவர். பகையாளியாக்கச் சுலபமான பாத்திரத்தை ஆறுதலாக எழுதியிருக்கிறார்கள். படத்தின் சிறந்த விஷயம் இதுவே.

அப்படியும் படம் அந்த ஆறுதலை நம்பவில்லை. கடைசியில் ஜோசப் தன் உடலையே சாட்சியாக்கிச் சாகிறார். இதன் திரைக்கதையாசிரியர் ஷாஹி கபீர், போலீஸ் வேலை பார்த்தவர். அவர் எழுதிய 'நாயாட்டு' (2021) படத்திலும் மணியன் தூக்கில் தொங்குகிறார். உள்ளே இருந்து வந்தவரே எழுதும்போதும், ஒரு போலீஸ்காரர் பேசுவதற்குச் செத்துத்தான் ஆகவேண்டுமா? உயிரோடு உட்கார்ந்து, 'என்னால தூங்க முடியல' என்று சொல்லும் காட்சியை ஏன் எழுத முடியவில்லை? தியாகம் கைதட்டல் வாங்கித் தரும், சரி. ஆனால் அடுத்த நாளும் ஸ்டேஷனுக்குப் போகவேண்டியவருக்கு அது எந்த வழியையும் காட்டாது.

2020இல் சாத்தான்குளத்தைப் பார்த்த நமக்கு, 'போலீஸுக்கு எதுக்கு அனுதாபம்?' என்று தோன்றுவது நியாயம்தான். காயம் எந்த அடிக்கும் மன்னிப்பாகிவிடாது. ஆனால் தன் வலியையே சொல்லக் கூடாதென்று பழக்கப்பட்ட ஒருவர், லாக்கப்பில் இருப்பவரின் வலியை எப்படிக் கேட்பார்? அந்தக் கேள்வியைத் தொடும் படத்துக்காகத்தான் காத்திருக்கிறேன். அதில் யாரும் சாகவேண்டியதில்லை.